சாவா மூவாப் பேராடு

காஞ்சி என்ற பெயரைக் கேட்டவுடன் கோயில்களும் பட்டுத் தறிகளும் நம் நினைவுக்கு வருகின்றன. அந்நகரின் தென்மேற்கு எல்லையில், பாலாற்றங்கரையை ஒட்டி, செவிலிமேடு அமைந்திருக்கிறது. இராமானுசர் நாள்தோறும் அருளாளப் பெருமாளுக்கு நீர் முகந்து சென்றார் என்று வழிவழியாகச் சொல்லப்படும் சாலைக் கிணறு இவ்வூரின் அருகே உள்ளது. தனி ஊராக இருந்த செவிலிமேடு 2011-ஆம் ஆண்டில் காஞ்சிபுரம் நகராட்சியோடு இணைக்கப்பெற்றது. அந்நகராட்சியும் 2021-இல் மாநகராட்சியாயிற்று.

இவ்வூரின் பக்கமாக ஓடும் பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணற்பரப்பாகவே காட்சியளிக்கும். நீர் மணலுக்குக் கீழே இருக்கும். ஊற்றுத் தோண்டி எடுத்தல் வேண்டும். தென்மேற்குப் பருவமழை ஓரளவும், வடகிழக்குப் பருவமழை அதனினும் மிகுதியாகவும் இங்கே பெய்யும். இரண்டில் ஒன்று பொய்த்தாலும் தொல்லைதான். அத்தொல்லை முதலில் தாக்குவது உழவனையன்று, ஆடுமாடு வளர்ப்பவனையே. நெல்லைக் குதிரிலே சேர்த்து வைக்கலாம். ஆடோ மாடோ அன்றாடம் மேய வேண்டும், அன்றாடம் நீர் குடிக்க வேண்டும். வானிலையின் போக்கு உலகெங்கும் மாறிவருகிறது என்று அறிஞர்கள் எச்சரிக்கும் இந்நாளிலே, நம்ப முடியாத வானத்தின்கீழ் நம் முன்னோர் மந்தைகளை எவ்வாறு காத்தனர் என்பதை அறிவது பயனுடையதாகும். இதற்குத் தொண்டை நாட்டிலேயே நல்ல சான்றுகள் உள்ளன.

முதற் சான்று பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய இந்நூல் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடுவது. அதிலே ஓர் ஆய்மகள் வருகிறாள். மோர் விற்றுத் தானியம் பெற்றுக் குடும்பத்தை உண்பிக்கிறாள். நெய்க்கு விலையாகப் பொன்னைக் கொடுத்தால் அவள் வாங்குவதில்லை. எருமையும் பசுவும் கன்றுமாகவே பெற்றுக்கொள்கிறாள். இதனை அவளுடைய எளிமைக்குச் சான்றாகச் சிலர் காட்டுவர். எனக்கு அது அவளுடைய கணக்கறிவுக்குச் சான்றாகவே தோன்றுகிறது. பொன் பெருகாது, பசு பெருகும். மேலும் வறட்சி வந்தால், நிலம் இருந்த இடத்திலேயே காயும். மந்தை புல்லும் நீரும் உள்ள இடத்துக்கு நடந்து செல்லும். எருமைக்குக் குளம் வேண்டும், ஆட்டுக்கு முட்புதரே போதும். ஆகையால் பல வகை விலங்குகளை வைத்திருப்பவளுக்கு எல்லாம் ஒருங்கே அழியும் அச்சம் குறைவு.

அடுத்து வருவன கல்வெட்டுகள். கோயிலில் அணையாது எரியும் விளக்குக்கு நந்தா விளக்கு என்று பெயர். அதற்கு வேண்டிய நெய்க்காகச் சோழர் காலத்து மக்கள் ஆடுமாடுகளைத் தானமாக அளித்தனர். பெரும்பான்மையான கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள் என்று காண்கிறோம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் இக்கணக்கை விரிவாகவே தருகின்றன. ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. நாள்தோறும் ஆடவல்லான் என்னும் மரக்காலால் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். உழக்கு என்பது நாழியில் நான்கில் ஒரு பங்கு. காஞ்சி அருளாளப் பெருமாள் கோயிலில், பிற்காலச் சோழர் நாளில், ஒரு விளக்குக்கு 32 பசுக்களும் ஒரு காளையும் அளித்த செய்திகள் காணப்படுகின்றன. அந்த ஒரு காளையை மறவாமல் எழுதியதை நோக்குங்கள். காளை இல்லையேல் கன்று இல்லை. கன்று இல்லையேல் சில ஆண்டுகளில் விளக்கும் இல்லை.

ஆட்டுப்பாலிலிருந்து நெய்யா என்று மாணவர்கள் வியக்கலாம். செம்மறியின் பாலைக் கறந்து நெய்யெடுக்கும் வழக்கம் இக்காலத்தில் நம்மிடையே அருகிவிட்டது. ஓர் ஆடு தரும் பால் சிறிதே. அதனாலேதான் ஒரே ஓர் உழக்கு நெய்க்கு 96 ஆடுகள் வேண்டியிருந்தன.

இவ்வாடுகளுக்குக் கல்வெட்டுகள் இட்ட பெயர் ‘சாவா மூவாப் பேராடு’ என்பதாகும். சாகாத, மூப்படையாத ஆடுகளாம்! எந்த ஆடு சாகாமல் இருக்கும்? தனித்தனி ஆடு சாகும். மந்தையின் எண்ணிக்கை மட்டும் சாகக் கூடாது என்பதே இதன் பொருள். செத்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டியை வளர்த்து, தொண்ணூற்றாறு என்றும் தொண்ணூற்றாறாகவே நிற்க வேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்றவன் மன்றாடி எனப்பட்ட இடையன்.

நம் வரலாற்று நூல்கள் விளக்கு வைத்த அரசனையும் அரசியையும் படைத்தலைவனையும் புகழ்கின்றன. அவர்கள் ஒருமுறை கொடுத்ததோடு சரி. அதன்பின் மழை பெய்தாலும் பொய்த்தாலும் உழக்கு நெய்யைக் கொண்டுவந்து அளந்தவன் மன்றாடியே. மழை பொய்த்த ஆண்டில் பாதி மந்தை மடிந்தாலும் கோயிலில் விளக்கு அணையலாகாது. வறட்சியின் சுமை முழுவதையும் இந்த ஏற்பாடு ஒருவன் தலைமேல் வைத்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அவனுக்கும் சில வழிகள் இருந்தன. நல்ல ஆண்டிலே மந்தை பெருகும். அளக்க வேண்டிய நெய் பெருகாது. உழக்குக்கு மேற்பட்ட பயன் அவன் கையில் நிற்கும். அந்த மிச்சமே தீய ஆண்டுக்கு வைப்பு நிதி. இன்னொரு வழி உறவு. தஞ்சைக் கல்வெட்டுகளில் இடையன் ஒருவன் பெயர் மட்டும் நிற்பதில்லை. அவனுடைய உறவினர் பெயர்களும் தொடர்ந்து வருகின்றன. அவன் தவறினால் நெய் அளக்க அவர்கள் கடமைப்பட்டவர்கள். உறவினர் பல ஊர்களில் மேய்ப்பவராயின், ஓர் ஊரில் மழை தவறினாலும் மற்றோர் ஊரில் பெய்திருக்கக்கூடும். இந்நாளில் காப்பீடு என்று நாம் வழங்குவதை அவர்கள் உறவுமுறையால் செய்துகொண்டனர்.

உறவு இருந்தால் மட்டும் போதாது; மேய நிலம் வேண்டுமே! தொண்டை நாடு ஏரிகளின் நாடு. செவிலிமேட்டிலிருந்து பாலாற்றைக் கடந்து வந்தவாசிச் சாலையில் சென்றால் மாமண்டூர் வரும். அங்கே பல்லவர் காலத்தில் சித்திரமேகத் தடாகம் எனப் பெயர் பெற்ற பேரேரி இருக்கிறது. இத்தகைய ஏரிகளை நாம் பாசனத்துக்கு உரியவையாக மட்டும் எண்ணுகிறோம். கோடையில் ஏரிநீர் மெல்ல மெல்ல உள்வாங்கும்போது, நீர் விட்ட ஈரத்தரையில் புல் முளைக்கும். மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடக்கும் மாதங்களிலே ஏரியின் உட்புறம் பசுமையாக இருக்கும். அறுவடை முடிந்த வயல்களில் தாள் மேய்ச்சல் உண்டு. அங்கே இரவில் ஆட்டுக்கிடை மறித்தால், புழுக்கை எருவாகி அடுத்த போகத்துக்கு உதவும்; கிடைக்காரனுக்குக் கூலியாக நெல்லோ பணமோ கிடைக்கும். இவற்றோடு ஊர்ப் பொதுவில் மந்தைவெளியும் இருந்தது. சென்னை நகரத்தில் மந்தைவெளி என்ற பகுதியில் இன்று மாடிவீடுகளே உள்ளன. பெயர் மட்டும் பழையதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இந்த நிலங்களுக்கு வந்த மாற்றமே நம் வரலாற்றில் கவனிக்கத்தக்கது. செங்கற்பட்டுச் சீமை 1763-இல் ஆர்க்காட்டு நவாபினிடமிருந்து ஆங்கிலக் கும்பினியாருக்கு வந்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். வீட்டுமனை, ஏரி, தோப்பு, நன்செய், புன்செய், தரிசு என்று ஒவ்வோர் ஊரின் நிலமும் அதிலே பிரித்து எழுதப்பட்டுள்ளது. வரி வாங்குபவர் கண்ணில் தரிசு என்பது பயனில்லா நிலம். இடையன் கண்ணிலோ அதுதான் மேய்ச்சல்.

1876-இல் மழை பொய்த்துப் பெரும்பஞ்சம் மூண்டது. 1878 வரை நீடித்தது. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பசிபிக் பெருங்கடல் நீர் அளவுக்கு மீறி வெப்பமுற்றதும் அதற்குக் காரணமென்று இன்று வானிலை அறிஞர் விளக்குகின்றனர். சென்னை மாகாணத்தில் பல இலட்சம் மக்கள் மாண்டனர். மாடுகளும் திரள்திரளாக மடிந்தன. அதனால் மழை மீண்டும் பெய்தபோது ஏர் பூட்ட எருது இல்லாமல் உழவர் தவித்தனர். பஞ்சம் நீங்கி நான்கே ஆண்டுகளில், 1882-இல், சென்னை வனச் சட்டம் வந்தது. காப்புக்காடுகளில் மேய்ச்சலுக்குத் தடையும் கட்டணமும் ஏற்பட்டன. இருப்புப்பாதைக்கும் விறகுக்குமாகக் காடுகள் வெட்டுண்ட காலம் அது. காட்டைக் காப்பது தேவையாகவே இருந்தது. ஆயினும் வறட்சிக் காலத்தில் மந்தைகள் ஒதுங்கிய கடைசிப் புகலிடம் அவ்வாறு சுருங்கிற்று என்பதும் உண்மையே.

பொதுநிலத்தை நம்பாமலே தப்பிய ஒரு முறையும் தமிழகத்தில் உண்டு. அதைக் காணக் கொங்கு நாட்டுக்குச் செல்ல வேண்டும். காங்கேயம், தாராபுரம் வட்டாரங்களில் மழை குறைவு. அங்கே உழவர் தம் புன்செய் நிலத்தின் ஒரு பகுதியை உழாமல் கொறங்காடு என்னும் மேய்ச்சற்காடாகவே வைத்திருப்பர். சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல மரங்கள். கொழுக்கட்டைப் புல் மழையின்றிக் காய்ந்தாலும் வேர் சாகாது. ஒரு மழை பெய்தால் துளிர்த்துவிடும். வெள்வேலமரம் நிழலும் தரும், கோடையில் காயும் உதிர்க்கும். காட்டைத் தடுப்புகளாகப் பிரித்து, ஒன்று மேய்ந்து முடியுமுன் மற்றொன்றைத் தழையவிடுவர். காங்கேயம் காளைகளை உருவாக்கிய காடு இதுவே. அவ்வினத்தைப் பேணிப் புகழ்பெற்ற பழையகோட்டைப் பட்டக்காரர் மன்றாடியார் என்ற பட்டம் உடையவர். கல்வெட்டில் நாம் கண்ட சொல் அங்கே வேறோர் உயர்வோடு ஒலிக்கிறது.

மீண்டும் காஞ்சிக்கு வருவோம். 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சியை ஒட்டி ஜெர்சி முதலிய அயல் இனங்களின் கலப்புப் பசுக்கள் நம் ஊர்களில் பெருகின. பால் பெருகிற்று, பல ஏழைக் குடும்பங்கள் அதனால் தலைநிமிர்ந்தன. அதை மறுப்பது நன்றியன்று. ஆனால் மிகுதியாகத் தின்று மிகுதியாகப் பால் சுரக்கும் பசுவின் உடலில் வெப்பமும் மிகுதியாகப் பிறக்கும். தொங்கும் தாடையும் தளர்ந்த தோலும் உடைய நம் நாட்டு மாடு அவ்வெப்பத்தை எளிதில் வெளியேற்றும். கலப்புப் பசுவோ மூச்சிரைத்து நிற்கும், பால் குறையும். ஆகவே கூரைக்கு மேல் கீற்று வேய்வதும், நண்பகலில் நீர் தெளிப்பதும், காலையிலும் மாலையிலும் மட்டும் மேய விடுவதும், கோ-4 போன்ற தீவனப் புல்லை வரப்பருகே நடுவதும் இன்றைய வளர்ப்பாளரின் வழிகளாகியிருக்கின்றன. ஆட்டு வளர்ப்பாளருக்கோ இவ்வட்டாரத்துக்கு உரிய சென்னைச் சிவப்புச் செம்மறி துணை நிற்கிறது. கம்பளி மயிர் இல்லாத, செந்நிறக் குறுமயிர் உடைய இவ்வினம் வெயிலைத் தாங்கும்.

இன்றைய இடர் வறட்சி ஒன்றன்று. 2015-ஆம் ஆண்டின் இறுதியில் காஞ்சிபுரம் மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கிற்று. அடுத்த ஆண்டே வடகிழக்குப் பருவமழை அறவே பொய்த்தது. 2017 சனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சிப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 2021 நவம்பரில் வறண்டு கிடந்த பாலாற்றில் பெருவெள்ளம் புரண்டோடிற்று. வெள்ளத்தில் நனைந்த வைக்கோலில் பூஞ்சணம் பிடிக்கும். வறட்சியில் வைக்கோலே கிடைக்காது. ஓராண்டு விட்டு ஓராண்டு இவை மாறிமாறி வருமாயின், நல்ல ஆண்டின் மிச்சத்தைத் தீய ஆண்டுக்கு வைக்கும் மன்றாடியின் கணக்கு எவ்வாறு செல்லும்? 1990-களின் பிற்பகுதி முதல் திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் தொழிற்சாலைகள் பெருகி, வயல்களும் தரிசுகளும் மனைகளாயின. செவிலிமேடு போன்ற நகர்ப்புற ஊர்களில் மாடு வளர்ப்பவர் தீவனத்தை விலைகொடுத்தே வாங்க நேர்கிறது.

கிராமக் கணக்கில் மேய்க்கால் புறம்போக்கு என்றும் மந்தைவெளிப் புறம்போக்கு என்றும் தலைப்புகள் இன்றும் உள்ளன. இதைக் கேட்கும் மாணவர்கள் விடுமுறையில் தம் ஊர்க் கிராம நிருவாக அலுவலரிடம் சென்று, அத்தலைப்புகளுக்கு நேரே எத்தனை ஏக்கர் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்கலாம். பிறகு அந்த இடத்துக்கே நடந்து சென்று, அங்கே இப்போது என்ன இருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.