ஈகையிலிருந்து நடமாட்டத்துக்கு: புதுக்கோட்டை முதியோர் வாழ்வில் ஒரு மாற்றத்தின் வரலாறு

புதுக்கோட்டையில் முதியோருக்காக அரசு செய்தவற்றை மட்டும் தொகுத்தால், அரிசி, காசு, வேட்டி சேலை, ஓய்வூதியம் என்று ஈகையின் வரலாறே கிடைக்கும். முதுமையிலும் ஒருவர் ஊரோடு ஒட்டி வாழ எவை துணை நின்றன என்று தேடினால் வேறு சில தடயங்கள் தென்படுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை முதியோரை மனத்தில் வைத்துத் தொடங்கப்பட்டவை அல்ல. இந்த இரண்டாவது வரலாறு போதிய கவனம் பெறவில்லை என்பது என் கருத்து.

முதல் வரலாறு பழையது. சமஸ்தானக் காலத்தில் நவராத்திரி நாட்களில் அரிசியோடு அம்மன் காசு என்ற நாணயமும் கொடுக்கும் வழக்கம் இருந்தது. 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது; 1974 ஜனவரி 14இல் தனி மாவட்டமானது. இடையில் 1962 ஏப்ரலில், ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் ஓய்வூதியத்தை மாநில அரசு தொடங்கியது. மன்னரின் தருமம் குடிமக்களின் உரிமையாக மாறத் தொடங்கிய இடம் அது. 1982 ஜூலையில் திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 1983 ஜனவரியில் ஓய்வூதியம் பெறும் முதியோரும் அதில் சேர்க்கப்பட்டனர். சோற்றுக்காகத்தான் என்றாலும், தினமும் ஒரு வேளை வீட்டைவிட்டுக் கிளம்பி, பிள்ளைகள் சாப்பிடும் இடத்துக்கு நடந்துபோக அவர்களுக்கு ஒரு காரணம் பிறந்தது.

இரண்டாவது வரலாறு அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் உருக்கொள்கிறது. 1978இல் வந்த தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டமும் 1988இல் வந்த தேசிய எழுத்தறிவு இயக்கமும் 15 முதல் 35 வயது வரையிலானவர்களையே குறிவைத்தன. 1991இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் தொடங்கிய புதுக்கோட்டை அறிவொளி, இந்த வரம்பை 9 முதல் 45 வரை விரித்தது. அப்போதும் 45 வயதைத் தாண்டியவர்கள் கணக்குக்கு வெளியேதான் நின்றார்கள். இனி எழுதப் படித்து என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம் அந்த வரம்புகளுக்குள் ஒளிந்திருந்தது. அறிவொளியின் கலைப்பயணக் குழுக்கள் ஊர் மந்தையில் நடத்திய நாடகங்களுக்கு மட்டும் வயது வரம்பு இல்லை.

அறிவொளியின் பெரும் சாதனை சைக்கிள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் தம் நூலில் பதிவு செய்தபடி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். 1992 மகளிர் தினத்தில் 1,500 பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் புதுக்கோட்டை நகரை வலம் வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காததால் பலர் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கினார்கள். அதில் ஒரு வசதியும் இருந்தது: சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் இருக்கும் கம்பியில் பிள்ளையை உட்காரவைத்துக்கொள்ளலாம். தண்ணீர்க் குடம், விளைபொருள் மூட்டை, பிள்ளை எல்லாம் ஒரே வண்டியில் ஏறின. பஸ்ஸுக்குக் காத்திருக்கவும், அப்பாவையோ கணவனையோ கூட்டிப்போகச் சொல்லிக் கெஞ்சவும் வேண்டிய நிலை மாறியது. அதே காலத்தில் கல் குவாரிகள் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டு, சுமார் 4,000 ஏழைப் பெண்கள் அவற்றை நடத்தினார்கள்.

1991இல் 25 வயதில் பெடல் மிதித்தவருக்கு 2026இல் வயது 60. புதுக்கோட்டையின் இன்றைய முதுமையை ஆராய்பவர்கள் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். முந்தைய தலைமுறைப் பாட்டிகளில் பலருக்கு வாய்க்காதது இவர்களில் பலருக்கு வாய்த்தது. பஸ் பலகையைப் படிப்பார்கள், கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடுவார்கள், மனு எழுதி அதிகாரியிடம் நேரில் கொடுப்பார்கள். முழங்கால் தேய்ந்து சைக்கிளைச் சுவரில் சாய்த்த பிறகும் வெளியே போகும் அந்தப் பழக்கம் போகவில்லை. 2008இல் எல்லா மாவட்டங்களுக்கும் விரிந்த நூறு நாள் வேலைக்கு மேல் வயது வரம்பு இல்லாததால் கண்மாய்க் கரையில் வயதான பெண்கள் கூடினார்கள். கூலியைப் போலவே அந்தக் கூட்டமும் அவர்களுக்குத் தேவைப்பட்டது. 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சைக்கிள் விட்ட இடத்தை இந்தப் பஸ் பிடித்துக்கொண்டது என்பேன். ஆனால் பஸ்ஸின் முதல் படி உயரம். ஒரு கையில் பையும் மறு கையில் கம்பியுமாக, பின்னால் வருபவர் முட்டுக் கொடுக்க ஏறும் பாட்டியைப் பார்த்தவர்களுக்கு, இலவசப் பயணம் எங்கே தட்டுகிறது என்பது விளங்கும்.

ரேஷன் கடையில் பதிக்க வேண்டிய விரல் ரேகையும் அவர்களுக்கு ஒரு தடை. ஆண்டுக்கணக்கில் கல் உடைத்த கைகளில் ரேகை தேய்ந்திருக்கும். கருவி பல நேரம் அந்த விரலை ஏற்காது. உழைப்பால் அழிந்த ரேகையே அவர்களை வாசலில் நிறுத்துகிறது என்பது வேதனை.

அண்மைக் காலத்தில் அரசு வீடு தேடி வருகிறது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் 70 வயது கடந்தோரின் வீட்டுக்கே ரேஷன் பொருளைக் கொண்டுவந்தது. படுக்கையில் இருப்பவர்களுக்கு இவை பெரும் பேறு, குறைசொல்ல இடமில்லை. ஆனால் நடக்க முடிந்தவர்களுக்கு ரேஷன் கடை வரிசை என்பது பேச்சுத்துணையும் கூட. யார் வீட்டில் விசேஷம், யாருக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். வாசலுக்குப் பொருள் வந்தபின், வெளியே போக வேறொரு காரணத்தை ஊர் உண்டாக்கித் தர வேண்டும்.

அதற்கான கட்டடம் ஏற்கெனவே இருக்கிறது. 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் தமிழகத்து ஊராட்சிகளில் நூலகங்கள் கட்டப்பட்டன. புதுக்கோட்டை மாவட்டத்தில் மட்டும் அப்போது 497 ஊராட்சிகள் இருந்தன. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம், கடலூர் பகுதிகளில் ஹெல்ப்ஏஜ் இந்தியா அமைத்த முதியோர் சுய உதவிக் குழுக்கள், வயதானவர்களே கூடி வரவு செலவு பார்த்து ஒருவரை ஒருவர் தாங்க முடியும் என்று காட்டியிருக்கின்றன. 2022இல் வந்த புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 15 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்குமானது. அறிவொளி விட்டுவைத்த மேல் வரம்பு இப்போது இல்லை. ஊராட்சித் தலைவர்கள் அந்த நூலகங்களை மாலையில் இரண்டு மணி நேரம் திறந்துவைத்து, அன்றைய அறிவொளித் தொண்டர்களிடமே சாவியைக் கொடுக்க வேண்டும். சைக்கிள் கற்ற பெண்களை அங்கே வரவழைத்து, அவர்கள் பேசுவதைப் பள்ளிப் பிள்ளைகள் எழுதி வைக்க வேண்டும். இதற்கு இனிமேலும் காத்திருந்தால், அந்த வரலாற்றைச் சொல்ல ஆள் இருக்காது.