அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்

2000களின் தொடக்கத்தில் கோவையில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனிக்கு இ.பி.ஏ.பி.எக்ஸ். போடப் போனேன். வெளியிலிருந்து 3 லைன், உள்ளே 24 எக்ஸ்டென்ஷன். அங்கே 19 வருஷமாக போர்டு பார்த்துவந்த அக்கா ஒருவர் இருந்தார். நான் ஒயர் இழுப்பதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அந்தப் பக்கம் வச்சுட்டாங்கன்னா இந்த மெஷினுக்குத் தெரியுமாங்க தம்பி?"

"எல்லாம் தெரியுங்கக்கா" என்றேன்.

லைன் சேர்ப்பது லேசான வேலை. க்ரோன் ஸ்ட்ரிப்பில் இரண்டு செம்புக் கம்பிகளை அழுத்தினால் போதும். ரிசீவர் கீழே இருக்கையில் அவற்றுக்கிடையே சுமார் 48 வோல்ட் டி.சி. நிற்கும். எடுத்தால் கரண்ட் ஓடும்; அதை வைத்துத்தான் எக்ஸ்சேஞ்ச் ஆள் எடுத்துவிட்டதை அறிந்து டயல் டோன் தருகிறது. மணியடிக்க வருவது 75 வோல்ட்டுக்குப் பக்கமான ஏ.சி. அந்த நேரம் கம்பியில் விரல் இருந்தால் கை உதறிவிடும்.

இந்த இரண்டு கம்பிகளுக்கும் இன்றுவரை டிப், ரிங் என்றுதான் பெயர். ரிங் என்றால் மணி என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை. பழைய ஸ்விட்ச்போர்டில் ஆபரேட்டர் செருகிய ப்ளக்கின் நுனி டிப். அதற்குப் பின்னால் இருந்த உலோக வளையம் ரிங். இன்று எலக்ட்ரிக் கிதாரில் செருகுகிறோமே, அந்தக் கால் அங்குல ஜாக்கும் அதே ப்ளக்கின் வாரிசுதான்.

1878ல் பாஸ்டனில் எம்மா நட் வேலைக்குச் சேர்ந்தார். உலகின் முதல் பெண் டெலிபோன் ஆபரேட்டர் அவர். பதின்மூன்றே வருஷத்தில், 1891ல், ஆபரேட்டரே வேண்டாத எக்ஸ்சேஞ்சுக்கு அல்மன் ஸ்ட்ரோஜர் காப்புரிமை வாங்கிவிட்டார். அவர் கான்சாஸ் சிட்டியில் சவ அடக்கத் தொழில் செய்தவர். தனக்கு வரும் அழைப்புகளை ஆபரேட்டர் போட்டிக்காரருக்குத் திருப்புகிறார் என்ற சந்தேகத்தில் அதைக் கண்டுபிடித்ததாகக் கதை சொல்வார்கள்.

ஆனால் ஆபரேட்டர் செய்தது இரண்டு வேலை. சேர்ப்பது ஒன்று. பேச்சு முடிந்ததை அறிந்து பிரிப்பது இன்னொன்று. போர்டில் விளக்கு எரிந்தால் ப்ளக்கை உருவிவிடுவார். நான் கோட்டைவிட்டது இந்த இரண்டாவது வேலையில்.

இரண்டாவது மாசம் கம்பெனியிலிருந்து போன். "டீலருங்க கூப்பிட்டா எப்பவும் எங்கேஜ்டாவே இருக்குங்கறாங்க. என்னத்தப் போட்டீங்க?" போய்ப் பார்த்தால் ஆபீசில் யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை. ஆனால் 3 லைனின் விளக்கும் எரிகிறது.

காரணம் சின்னதுதான். மெஷின் எடுத்து வரவேற்புச் சொல்கிறது. பாதியிலேயே கூப்பிட்டவர் வைத்துவிடுகிறார். அப்போது டிப்பும் ரிங்கும் இடம் மாறி மின்சாரம் திசை திரும்பினால் மெஷினுக்குப் புரிந்துவிடும். அந்த லைன்களில் அந்த வசதி இல்லை. மிச்சமிருந்த ஒரே அடையாளம் எங்கேஜ்டு டோன். நம்மூர் டோன் 400 ஹெர்ட்ஸ். முக்கால் செகண்ட் ஒலிக்கும், முக்கால் செகண்ட் நிற்கும். பெட்டியோ அமெரிக்க செட்டிங்கில் வந்திருந்தது. 480, 620 ஹெர்ட்ஸ் கலந்து அரை செகண்ட் ஒலித்து அரை செகண்ட் நிற்கும் டோனுக்காகக் காத்திருந்தது. கோவையில் அது எப்படி வரும்? அதுபாட்டுக்கு லைனைப் பிடித்துக்கொண்டே இருந்தது.

நாட்டை இந்தியா என்று மாற்ற ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. லைன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

போர்டு இருந்த மேஜையில் பிளாஸ்டிக் பூ ஜாடி வைத்திருந்தார்கள். "அக்கா லீவுங்களா?" என்று கேட்டேன். "அதான் மெஷின் வந்துருச்சே, போன மாசமே கணக்கு முடிச்சாச்சு" என்றார் மேனேஜர். அந்த டோனை 19 வருஷம் காதில் கேட்டவர். ஒரே செகண்டில் லைனை விடுவித்திருப்பார். அவர் கேட்டதும் அதைத்தானே.

என்ன கோளாறு என்று மேனேஜர் விசாரித்தார். செட்டிங் மிஸ்டேக் என்றேன். அக்கா முன்பே கேட்டதைச் சொல்லவில்லை. பில்லில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.