பெத்கெலெர்ட்: ஓர் ஊர்ப்பெயரின் வரலாறு

பெத்கெலெர்ட் என்பது வேல்சு நாட்டின் வடமேற்கில், குவினெத் மாவட்டத்தில் உள்ள ஒரு சிற்றூர் ஆகும். எரிரி மலைப்பகுதியில், கிளாசுலின், கோல்வின் ஆகிய இரு ஆறுகள் கூடும் இடத்தில் அமைந்துள்ளது. வேல்சு மொழியில் 'பெத்' என்றால் கல்லறை. எனவே ஊரின் பெயருக்குக் 'கெலெர்ட்டின் கல்லறை' என்பது பொருள். கெலெர்ட் யார் என்பதே கேள்வி.

நாயின் கதை

ஊர்க்கதையின்படி கெலெர்ட் ஒரு வேட்டைநாய். 13ஆம் நூற்றாண்டில் குவினெத்தை ஆண்ட மாபெரும் லிவெலினுக்கு இங்கிலாந்து மன்னர் ஜான் அதைப் பரிசளித்தாராம். ஒருநாள் லிவெலின் வேட்டையிலிருந்து திரும்பியபோது குழந்தையின் தொட்டில் கவிழ்ந்து கிடந்தது. நாயின் வாயில் இரத்தம். குழந்தையைக் கொன்றுவிட்டது என்று எண்ணி வாளால் குத்தினார். பிறகுதான் தொட்டிலுக்கு அடியில் குழந்தை உயிருடன் இருப்பதையும், அருகில் ஓநாய் இறந்து கிடப்பதையும் கண்டார். மனம் நொந்து நாய்க்குக் கல்லறை எழுப்பினார் என்று கதை முடிகிறது.

கதை வந்த வழி

தமிழ் மாணவர்களுக்கு இக்கதை புதியதன்று. பாம்பிடமிருந்து குழந்தையைக் காத்த கீரியைத் தாய் அவசரப்பட்டுக் கொன்ற கதை பஞ்சதந்திரத்தில் உள்ளது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலும், கீரியைக் கொன்றதால் கணவன் பிரிந்து சென்ற பார்ப்பனப் பெண்ணுக்குக் கோவலன் உதவிய செய்தி வருகிறது. இந்தியக் கதை பாரசீகம், அரபு முதலிய மொழிகளின் வழியாக மேற்கே சென்றது. அங்கே கீரி நாயாயிற்று. வேல்சில் பாம்பு ஓநாயாயிற்று.

இக்கதையை இவ்வூருடன் இணைத்துப் பரப்பியவர் டேவிட் பிரிச்சர்டு என்பவர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே விடுதி நடத்திய அவர், பயணிகளை ஈர்ப்பதற்காகக் கல்லறையையும் அமைத்தார் என்று கருதப்படுகிறது. 1800ஆம் ஆண்டளவில் ஆங்கிலக் கவிஞர் வில்லியம் இராபர்ட் இசுபென்சர் இதைக் கவிதையாக்கினார். அதன்பின் கதை எங்கும் பரவியது.

உண்மையான கெலெர்ட்

ஊரின் பெயரோ அந்த விடுதியைவிட மிகப் பழமையானது. 1258ஆம் ஆண்டு ஆவணத்திலேயே 'பெக்கெலெர்ட்' என்று காணப்படுகிறது. இது தொடக்க இடைக்காலத்தில் இங்கு வாழ்ந்த கெலெர்ட் என்ற கிறித்தவ அடியார் ஒருவரின் பெயர் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. இடைக்காலத்தில் இவ்வூரில் அகசுத்தீனிய துறவியர் மடம் ஒன்றும் இருந்தது. இன்றைய புனித மரியாள் ஆலயம் அதன் எச்சமே.

அந்த அடியாரின் வாழ்க்கையைப் பற்றி ஏறக்குறைய எதுவும் எஞ்சவில்லை. ஊரின் பெயர் மட்டுமே அவரது நினைவைத் தாங்கி நிற்கிறது. ஆற்றங்கரையில் உள்ள நாயின் கல்லறையைக் காணவோ இன்றும் மக்கள் வருகின்றனர். ஊர்ப்பெயருக்குச் சொல்லப்படும் கதையைப் பழைய ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்குப் பெத்கெலெர்ட் நல்லதோர் எடுத்துக்காட்டு.