128 படிகளும் ஒரு கோடும்: மிடி தரவு ஆட்டோமேஷனான வரலாறு

1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடைபெற்ற இசைக்கருவிக் கண்காட்சியில் இரண்டு சிந்தசைசர்கள் ஒரு வடத்தால் இணைக்கப்பட்டன. ஒன்று அமெரிக்காவின் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் தயாரித்த புராபெட்-600. மற்றொன்று ஜப்பானின் ரோலண்ட் தயாரித்த ஜூபிடர்-6. ஒன்றில் வாசித்தது மற்றொன்றில் ஒலித்தது. போட்டி நிறுவனங்களின் கருவிகளுக்கு மிடி என்னும் பொதுமொழி இவ்வாறு வாய்த்தது. இதற்காக டேவ் ஸ்மித், இகுதாரோ ககேஹாஷி இருவருக்கும் 2013இல் டெக்னிக்கல் கிராமி வழங்கப்பட்டது.

அந்த மொழி சிக்கனமானது. வடத்தின் வேகம் நொடிக்கு 31,250 பிட். மூன்று பைட் கொண்ட ஒரு செய்தி சென்று சேர ஏறத்தாழ ஒரு மில்லிநொடி ஆகும். எனவே சக்கரம், மிதி, திருகு ஆகிய கண்ட்ரோலர்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணும், அதன் நிலைக்கு 0 முதல் 127 வரை ஒரு மதிப்பும் போதுமெனக் கொள்ளப்பட்டது. 7 ஒலியளவைக் குறிக்கும். 10 இடவல நிலையை. 64 நீட்டிப்பு மிதியை. கையின் இடையறாத அசைவு 128 படிகளுள்ள ஏணியாயிற்று.

ஆட்டோமேஷனின் மரபு வேறு. 1970களில் ஒலிப்பதிவுக் கூடங்களின் கலவை மேசைகள், பொறியாளர் நகர்த்திய ஒலியளவுக் கட்டைகளின் போக்கை நினைவில் வைத்து மீண்டும் நிகழ்த்தத் தொடங்கின. பின்வந்த மென்பொருள்கள் அந்தப் போக்கைப் புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளுமாகத் திரையில் வரைந்தன. அதுவே ஆட்டோமேஷன் என்வலப். மிடி செய்தி ஒரு கருவிக்கு இடப்படும் கட்டளை. என்வலப் காலத்தினூடே ஓர் அளவு மாறும் வரைபடம்.

இரு மரபுகளும் கணினிக்குள் சந்தித்தன. ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996இல் அறிமுகப்படுத்திய விஎஸ்டி முறையில், செருகுநிரலின் ஒவ்வோர் அளவும் 0 முதல் 1 வரையிலான பின்ன எண்ணாகக் குறிக்கப்பட்டது. 2008இல் வந்த விஎஸ்டி 3, கண்ட்ரோலர் செய்திகளைச் செருகுநிரலுக்கு நேராக அனுப்பாமல் இத்தகைய அளவுகளோடு பொருத்துமாறு கோரியது.

மாற்றம் எளிய வகுத்தலாகத் தோன்றும். மதிப்பை 127ஆல் வகுத்தால் போதும். ஆனால் நடுவெனக் கொள்ளப்படும் 64, வகுத்தபின் 0.504 ஆகிறது. நடுவில் நின்ற ஒலி இம்மியளவு வலப்புறம் சாய்கிறது. இரண்டு மதிப்புகளுக்கு இடையே படி வேண்டுமா, சரிவு வேண்டுமா என்பதும் தரவில் இல்லை. ஒலியளவுக்குச் சரிவு இயல்பு. நீட்டிப்பு மிதிக்குச் சரிவு வரைந்தால், வாசித்தவர் ஒருபோதும் வைக்காத அரைநிலையில் மிதி நிற்கும்.

ஓலைச்சுவடியைப் பதிப்பிப்போர் நன்கறிந்த சிக்கல் இது. சுவடியில் பெரும்பாலும் புள்ளி இராது. எங்கு மெய், எங்கு உயிர்மெய் என்பதைப் பதிப்பாசிரியரே துணிய வேண்டும். அச்சில் தோன்றும் புள்ளி ஏட்டின் சான்று அன்று, படித்தவரின் முடிவு. அவ்வாறே என்வலப்பின் கோடும் மாற்றியவரின் முடிவாகும்.

2020இல் ஏற்கப்பட்ட மிடி 2.0 கண்ட்ரோலர் மதிப்புக்கு 32 பிட் அளிக்கிறது. ஆயினும் 128 படிகளில் பதிவான பழைய வாசிப்பு அதனால் நுண்மை பெறுவதில்லை. மாற்றம் முடிந்ததும் மூலத்தரவை அழிப்பது பலரின் வழக்கம். மின்னிசையின் வரலாற்றை எழுதவிருப்போருக்கு அத்தரவே ஏடு. என்வலப் அதன் ஒரு பதிப்பு மட்டுமே.