காம்ப்பெல் பே: தென்கோடியில் ஒரு குடியேற்ற ஊர்

அந்தமான் என்றால் நம் அங்கத்தினர்கள் பலருக்கும் நினைவுக்கு வருவது செல்லுலார் சிறைதான். அதே யூனியன் பிரதேசத்தின் தென்கோடியில், போர்ட் பிளேயரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) 500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, கிரேட் நிக்கோபார் தீவில் காம்ப்பெல் பே என்ற ஊர் இருக்கிறது. அரசுப் பணி நிமித்தம் 1979-ல் அங்கு சில வாரங்கள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

நிக்கோபார் தமிழர்களுக்குப் புதிதல்ல. ராஜேந்திர சோழனின் தஞ்சைக் கல்வெட்டு அவன் வென்ற இடங்களுள் ஒன்றாக 'மாநக்கவாரம்' என்று இதைக் குறிப்பிடுகிறது. 1755-ல் டேனிஷ்காரர்கள் இத்தீவுகளில் குடியேற வந்தார்கள். ஆட்சி நடந்ததோ நம் தரங்கம்பாடியிலிருந்து! மலேரியா அவர்களைத் திரும்பத் திரும்ப விரட்டியது. கடைசியில் 1868-ல் தங்கள் உரிமையைப் பிரிட்டிஷாரிடம் விட்டுக்கொடுத்தார்கள்.

சுதந்திர இந்தியா இங்கே குடியேற்றத்தைத் தொடங்கியது 1969-ல். சுமத்ரா மிக அருகில் இருப்பதால், எல்லையில் நம் மக்கள் இருக்க வேண்டும் என்பது நோக்கம். 1980-க்குள் பஞ்சாப், மகாராஷ்டிரா, கேரளா, தமிழ்நாடு முதலிய மாநிலங்களிலிருந்து 330 முன்னாள் ராணுவத்தினர் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. குடும்பத்துக்குச் சுமார் 11 ஏக்கர் நிலம். காந்திநகர், சாஸ்திரிநகர், கோவிந்த்நகர், விஜய்நகர் என்று கிழக்குக் கரையோரம் கிராமங்கள் உருவாயின. ஆனால் தீவு ஆளில்லாததாக இருக்கவில்லை. காட்டில் ஷோம்பென் பழங்குடியினரும், கரையோரங்களில் நிக்கோபாரிகளும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்தார்கள்.

நான் போனபோது காடு திருத்தும் வேலை இன்னும் நடந்துகொண்டிருந்தது. "மரத்தை வெட்டிவிடலாம் சார், வேரைப் பிடுங்குவதுதான் உயிர் போகிற வேலை" என்றார் ஒரு தமிழ் ஹவில்தார். அடுத்த நிலத்துக்காரர் பஞ்சாபி. இருவருக்கும் பொதுமொழி ராணுவத்தில் கற்ற ஹிந்தி. நெல்லும் தென்னையும் பாக்கும் அப்படித்தான் அங்கே வேரூன்றின.

2004 டிசம்பர் 26 அன்று, முப்பத்தைந்து ஆண்டு உழைப்பு ஒரே காலையில் போயிற்று. 9.1 அளவிலோ அதற்கு மேலோ மதிக்கப்படும் பூகம்பங்கள் உலகில் மிகச் சில. அன்று வந்தது அந்த அளவு. விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். கடல் பொங்கியது மட்டுமல்ல, பூமித்தட்டுகள் நகர்ந்ததில் நிலமே தாழ்ந்தது. இந்திரா முனையில் சுமார் 4.25 மீட்டர்! 1972-ல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கத்தின் அடிப்பாகம் நீருக்குள் போனது. அலை திரும்பினாலும் தாழ்ந்த வயல்கள் திரும்பவில்லை. உயிர் தப்பிய குடியேறிகள் காம்ப்பெல் பே பக்கம் இடம் மாற்றப்பட்டார்கள். ராஜீவ் நகரிலும் நியூ சிங்கெனிலும் அமர்த்தப்பட்ட நிக்கோபாரிகள் மூதாதையர் மண்ணுக்குத் திரும்ப வேண்டுமென்று கேட்டுவந்திருக்கிறார்கள்.

2022 நவம்பரில் அத்தீவில் பெரிய துறைமுகம், விமான நிலையம், புதிய நகரம் ஆகியவற்றுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. குடியேறிகளின் நிலத்தில் ஒரு பகுதியும் அதற்குத் தேவைப்படுகிறது. நாட்டுக்கு வளர்ச்சி வேண்டியதுதான். ஆனால் அங்கே ஏற்கெனவே வாழ்பவர்களைக் கேட்டுச் செய்வதே முறை.

1969-ல் வந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் முதிர்ந்த வயதினர். அவர்கள் வரலாறு கோப்புகளில் எண்களாக இருக்கிறது, வாய்மொழியாக எவரும் முழுமையாகத் தொகுத்ததாகத் தெரியவில்லை. நம் அங்கத்தினர்களில் அங்கே பணியாற்றியவர்கள் இருந்தால், பழைய டைரிகளையும் புகைப்படங்களையும் தேடி எடுத்து, நினைவிலிருப்பதை எழுதி வையுங்கள். அடுத்த தலைமுறைக்கு அதுவே ஆவணம்.