கதிரறுத்தவர்கள் எங்கே?

பத்திரிகையில் பக்கம் அமைக்கும் பணியில் பல்லாண்டுகளைக் கழித்தவன் நான். எந்தப் படத்தைக் கண்டாலும், அதிலிருந்து வெட்டப்பட்டவர் யார் என்று தேடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஆங்கில ஓவியர் தோமஸ் கெயின்ஸ்பரோ 1750ஆம் ஆண்டளவில் வரைந்த 'திருவாளர், திருமதி அன்ரூஸ்' என்ற ஓவியத்தையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். லண்டன் தேசிய ஓவியக்கூடம் 1960இல் வாங்கிய ஓவியம் அது.

இடப்புறத்தில், ஓக் மரத்தடியில், இளம் தம்பதியர். ரொபேர்ட் அன்ரூஸ் துப்பாக்கியைக் கையில் இடுக்கி நிற்கிறார். அருகே வேட்டை நாய். நீலப் பாவாடை விரிய அமர்ந்திருக்கும் பிரான்சிஸுக்கு, 1748இல் மணம் முடித்தபோது 16 வயதளவே. வலப்புறம் முழுவதும் சட்பரி நகருக்கு அருகிலுள்ள அவர்களுடைய நிலம். அறுவடை முடிந்து கதிர்கள் கட்டிவைக்கப்பட்டிருக்கின்றன. தாள்கள் நேர் வரிசையில் நிற்கின்றன. அப்பால் செம்மறிகள் மேய்கின்றன. ஆனால் அறுத்தவர் ஒருவரையேனும் காணோம்!

துப்பாக்கியைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. 1671இல் இயற்றப்பட்டு 1831வரை நிலைத்த வேட்டைச் சட்டம், ஆண்டுக்கு 100 பவுண் வருமானம் தரும் சொந்த நிலமோ அதற்கு ஈடான தகுதியோ இல்லாதவர் வேட்டையாடுவதைத் தடுத்தது. தன் வயலில் மேயும் முயலைக்கூடச் சிறு விவசாயி தொட முடியாது. ஆகவே ரொபேர்ட்டின் கையில் இருப்பது துப்பாக்கி மட்டுமன்று. ஒருவகைக் காணி உறுதியும்கூட.

இந்த ஓவியத்தில் நிலவுடைமையின் பெருமிதத்தைச் சுட்டிக்காட்டியவர் ஜோன் பேர்ஜர். 1972இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் அவர் அதைச் சொன்னபோது எதிர்ப்பு எழுந்தது. தம்பதியர் இயற்கையை ரசிக்கிறார்கள் என்றனர் மறுத்தவர்கள். ரசித்திருக்கலாம். உடைமையாளன் தன் நிலத்தை ரசிக்க மாட்டான் என்று யார் சொன்னது?

பேர்ஜரின் பக்கமே நான் நிற்கிறேன். எனினும் ஓவியரையும் சற்று நினைக்க வேண்டும். கெயின்ஸ்பரோவின் தந்தை துணி வணிகத்தில் நொடித்துப்போனவர். மகனுக்கு நிலக்காட்சி வரையவே ஆசை. பணம் கொடுத்ததோ முகங்கள்தான். முகம் வரைந்து சலித்துவிட்டதென்றும், ஏதேனும் ஒரு கிராமத்துக்குப் போய் நிலக்காட்சி வரைய விரும்புவதாகவும் பிற்காலத்தில் நண்பருக்குக் கடிதம் எழுதினார். அன்ரூஸ் தம்பதியரை ஓரத்தில் ஒதுக்கி, பாதித் துணியை வயலுக்குக் கொடுத்தது அந்த ஆசைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த ஆசையிலும் உழைப்பாளிக்கு இடம் கிடைக்கவில்லை.

எழுபது ஆண்டுகளின் பின், 1821இல், அதே சபோக் பகுதியைச் சேர்ந்த ஜோன் கொன்ஸ்டபிள் 'வைக்கோல் வண்டி'யை வரைந்தார். அவர் ஆலை உரிமையாளரின் மகன். அடுத்த ஆண்டே கிழக்கு இங்கிலாந்தின் விவசாயத் தொழிலாளர், வேலையைப் பறித்த சூடடிக்கும் இயந்திரங்களை உடைத்தார்கள். ஓவியத்தில் எல்லாம் அமைதி. அதன் அச்சுப்படியொன்றை, முன்னர் நெகட்டிவ் பார்க்கப் பயன்படுத்திய பூதக்கண்ணாடியால் பார்த்தேன். வலப்பக்க வயலின் கோடியில், வெண்புள்ளிகளாகச் சிலர் புல் அறுத்துக்கொண்டிருந்தார்கள்.