கூட்டை மறுக்கும் கோழி: வேட்டைவிலங்குத் தாக்குதலுக்குப் பின் புறக்கடைக் கோழிகளின் நடத்தை

மரநாயோ காட்டுப்பூனையோ இரவில் கூட்டுக்குள் புகுந்து இரண்டொரு கோழிகளைக் கொன்றுவிட்டால், தப்பிய கோழிகள் பல நாள்கள் மாறுபட்டு நடக்கின்றன. அந்தியில் கூட்டுவாசல்வரை வந்து நின்று, உள்ளே போக மறுக்கின்றன. முருங்கைமரத்திலோ கூரைமேலோ ஏறி அடைகின்றன. முட்டை குறைகிறது, சிறு சத்தத்துக்கும் கேறுகின்றன, ஒன்றையொன்று கொத்துகின்றன. ‘மிரண்ட கோழி தேறாது’ என்று அவற்றை விற்றுவிடுகிறவர்கள் உண்டு. அந்த முடிவு தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். இம்மாற்றங்கள் எல்லாம் ஒரே காரணத்தால் வருபவை அல்ல. அவற்றுள் நீடித்து நிற்கும் மாற்றம், அந்தக் கூடு ஆபத்தானது என்று கோழி கற்றுக்கொண்டதன் விளைவு.

கோழியின் அச்சம் பகுத்தறியும் அச்சம். கிறிஸ்டோபர் எவான்ஸ், பீட்டர் மார்லர் குழுவினர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், சேவல்களின் எச்சரிக்கைக் குரல்களைப் பதிவுசெய்து பேடுகளுக்கு ஒலிக்கச்செய்தனர். வான்வழி வரும் பகைக்கான குரலைக் கேட்டவை மறைவிடம் தேடி ஓடின, பதுங்கின, மேலே பார்த்தன. தரைவழிப் பகைக்கான குரலைக் கேட்டவை நிமிர்ந்து நின்று சுற்றிலும் நோக்கின. குரல் மட்டுமே கேட்டது. விலங்கு கண்முன் இல்லை. ஆயினும் எதற்கு என்ன செய்வது என்பதில் அவை குழம்பவில்லை.

நம் முன்னோர் இதைக் கவனிக்காமலில்லை. வேலியோரம் வெருகு (காட்டுப்பூனை) வந்த மாலையில், ஒதுங்க இடம் அறியாமல் குஞ்சுகளை அழைக்கும் பேட்டை, ஒக்கூர் மாசாத்தியார் குறுந்தொகை 139ஆம் பாடலில் உவமையாக்கியிருக்கிறார். பகை, பொழுது, புகலிடம் என்னும் மூன்றும் அங்கே ஒன்றாக வருவதை ஆய்வாளர் கவனிக்க வேண்டும். இருளில் கோழிக்குக் கண் தெரிவது மிகக் குறைவு. ஆகவே அடையும் இடத்தைத் தேர்வதே இரவு முழுவதற்குமான அதன் ஒரே தற்காப்பு.

‘இது வெறும் அதிர்ச்சி, தானே அடங்கும்’ என்று மறுப்போர் உண்டு. அச்சத்தின்போது இரத்தத்தில் கார்ட்டிகோஸ்டீரோன் என்னும் அழுத்த இயக்குநீர் சில நிமிடங்களில் ஏறும். ஆபத்து நீங்கினால் சில மணி நேரத்தில் தணியும். தாக்கப்பட்ட கோழி சில வேளை விறைத்துச் செத்ததுபோல் கிடப்பதும் குறுகிய நேரத்துக்கே. கோழியை அப்படி அசைவற்றுக் கிடக்கச் செய்வதை அறிஞர் அதனேசியஸ் கிர்ச்சர் 1646இலேயே விவரித்திருக்கிறார். ஆனால் கூட்டை மறுப்பது வாரக்கணக்கில் நீள்கிறது. பகலில் அதே முற்றத்தில் இயல்பாகக் கிளறி மேயும் கோழி, அந்தியில், அந்த வாசலில் மட்டும் நின்றுவிடுகிறது. பொதுவான பயமென்றால் இடமும் வேளையும் பார்த்தா வரும்? இதை நினைவென்று கொள்வதே பொருந்தும்.

முட்டைக் குறைவில் இரண்டு செய்திகள் கலந்திருக்கின்றன. ஒன்று உடலின் மாற்றம்: ஓடு உருவாக ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். அச்சத்தால் முட்டையிடுவது தள்ளிப்போனால், உள்ளே தங்கிய முட்டைமீது சுண்ணம் மேலும் படிகிறது. அதனால் பழுப்பு முட்டை வெண்பொடி பூசியதுபோல் வெளிவரும். ஓட்டுக் குறைகளுக்கும் அச்சத்துக்குமான இத்தொடர்பை பி. ஓ. ஹியூஸ் குழுவினர் 1986இல் ஆராய்ந்தனர். இரை குறைவாக எடுத்தால் முட்டை சில காலம் நின்றும் போகலாம். மற்றது இடமாற்றம்: கூட்டை நம்பாத கோழி வைக்கோல்போரிலோ புதரிலோ முட்டையிடுகிறது. முட்டை நின்றுவிட்டதென்று முடிவுகட்டுமுன் கொல்லையைத் தேடிப் பார்ப்பது அவசியம்.

கொத்திக்கொள்வதற்குக் காரணம் வேறு. கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை இருப்பதை நார்வேயின் ஷெல்டெரூப்-எப்பே 1920களின் தொடக்கத்தில் நிறுவினார். தாக்குதலில் தலைமைப் பேடு இறந்தால் அவ்வரிசை குலைகிறது. புதிய வரிசை அமையும்வரை பூசல் இருக்கும். காயம்பட்டதை மட்டும் பிரித்து வைக்க வேண்டும், இரத்தம் மற்றவற்றைக் கொத்தத் தூண்டும். அதேபோல், சோர்ந்து நிற்பதையெல்லாம் பயமென்று விட்டுவிடவும் கூடாது. பச்சைக் கழிச்சலோ கழுத்து முறுக்கலோ தெரிந்தால் அது வெள்ளைக்கழிச்சல் என்னும் நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மறுக்கும் கோழியைப் பிடித்து அதே கூட்டில் அடைப்பது தீங்கு. வந்த வழி அடைபடாதவரை மரநாய் மீண்டும் வரும். கோழியின் மதிப்பீடே சரி, வளர்ப்பவருடையது பிழை. கோழியைத் தடுக்கும் மெல்லிய அறுகோண வலை வேட்டைவிலங்கைத் தடுக்காது. அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பிவலை, அடியில் தோண்ட முடியாத தரை, இறுக மூடும் கதவு ஆகியவை தேவை. அதன்பின் உள்ளே இரை வைத்து, அந்தியில் தானாக நுழையவிட்டுப் பழக்க வேண்டும். புறக்கடைக் கோழி வளர்ப்புப் பயிற்சிகளில் தடுப்பூசிக்குத் தரும் அதே இடத்தை இரவுக்கூட்டின் கட்டுமானத்துக்கும் கால்நடைத்துறையினர் தர வேண்டும்.